பாஞ்சாலிக்குச் சுகப்பிரசவம்

புங்கமரத்தூர்,
புதூர்நாடு வழி.
16.06.2024

என் ராஜிக்கு,

அக்கா ஆனந்தி எழுதுகிறேன். மலைக்காற்று எனக்கு ஒத்துக்கொண்டது, ஒரு தும்மல்கூட இல்லை. படவேட்டில் நீயும் தம்பி பூபாலனும் உன் மாமனார் மாமியாரும் சுகமாக இருக்கிறீர்களா?

சனிக்கிழமை புதூர்நாட்டுக்கு இறங்கி வந்து போன் போட்டேன் அல்லவா, "அக்கா, மூணு மாசம்" என்று நீ சொன்னதோடு லைன் செத்துப்போனது. நடுத்தெருவில் நின்று "ஹலோ, ஹலோ" என்று கத்திக்கொண்டே அழுதேன். எனக்கு ஏதோ சாவுச் சேதி வந்துவிட்டது என்று நினைத்து ஜீப்புக்காரர்கள் சோடா வாங்கிக் கொடுத்தார்கள். நல்ல சேதிதான் என்றதும், "இதுக்காம்மா இந்த அழுவ அழுத?" என்று திட்டிவிட்டுப் போனார்கள்.

நான் தங்கியிருக்கும் ஊரில் டவர் கிடையாது. ஹாஸ்டலில் இருந்தபோது உனக்கு எழுதிய மாதிரி இனிமேல் தபால்தான். ஒரு வாரம் ஆகும், ஆகட்டும்.

என் வேலையைக் கேட்டாயே. கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் என்ன சாப்பிட வேண்டும் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்லித் தருவது. என்னை இங்கே அனுப்பியிருக்கிற டிரஸ்டில் வைத்த பெயர் ஊட்டச்சத்துப் பயிற்றுநர். ஊரில் வைத்த பெயர் முட்டை மேடம். பத்துப் பெரிய படங்கள் கொடுத்திருக்கிறார்கள். முதல் படத்தில் ஆப்பிளும் திராட்சையும் தட்டு நிறைய இருக்கின்றன. அதை விரித்ததும் அம்மாக்கண்ணு என்கிற கிழவி எழுந்து, "இதெல்லாம் குடுப்பீங்களா மேடம், இல்ல படம் மட்டும்தானா?" என்று கேட்டாள். அன்றைக்கே ஆப்பிள் மேல் தாளை ஒட்டி, முருங்கைக்கீரையும் பலாக்கொட்டையும் வேர்க்கடலையும் வரைந்துவிட்டேன். என் முருங்கையைப் பார்த்தால் துடைப்பம் மாதிரி இருக்கும்.

ராஜி, உன் பயம் எனக்குத் தெரியும். அம்மா உன்னைப் பெற்ற அன்றைக்கே போனவள். அந்தப் பயம் எனக்கும் உண்டு. உன் குழந்தையை நான் கையில் வாங்கும்வரை தூக்கம் வராது. அதனால் வேளாவேளைக்குச் சாப்பிடு. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்.

உன் அக்கா,
ஆனந்தி


படவேடு
02.07.2024

அன்பு அக்காவுக்கு,

ராஜேஸ்வரி வணக்கம். அம்மன் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். மலையில் குளிருமே, போர்வை இருக்கிறதா உனக்கு?

உன் கடிதத்தை மாமா எங்கள் தேங்காய்க் கடையில் வாங்கி வைத்திருந்தார். "உங்க அக்கா கையெழுத்து அச்சடிச்ச மாதிரி கீது" என்றார். செல்போன் சூடு குழந்தைக்கு ஆகாது என்று அத்தை சொன்னார்கள். அதனால் என் போனை நானே என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன். நீ தபால் எழுதுவதுதான் எனக்கும் பிடித்திருக்கிறது. நினைத்தபோது எடுத்துப் படிக்கலாம்.

நர்ஸம்மா ரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். வாங்கி வைத்திருக்கிறேன்.

அக்கா, ஒன்று கேட்க வேண்டும். போன மாதம் செங்கம் சந்தையில் நம்ம ஊர் மங்கம்மாளைப் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னப் பெக்கறப்ப நீ பூசணிக்கா கணக்கா இருந்தடி, அதான் உங்கம்மா தாங்கல" என்று சொன்னாள். நிஜமா? நான் பிறந்தபோது உனக்கு எட்டு வயது. நீ பார்த்தாய்தானே. நான் அவ்வளவு பெரிதாகவா இருந்தேன்?

நேரம் கிடைக்கும்போது எழுது. முட்டை மேடத்துக்கு என் முத்தங்கள்.

உன் ராஜி


புங்கமரத்தூர்
28.07.2024

அடி ராஜி,

நான் நலம். நீ நலமா என்று கேட்பதற்கு முன்னால் உன்னைத் திட்ட வேண்டும். மாத்திரையை வாங்கி வைத்திருக்கிறாயா? வைப்பதற்கா கொடுத்தார்கள்? அது என்ன நகையா?

மங்கம்மாளை மறுபடி பார்த்தால் அவள் வாயில் ஒரு பூசணிக்காயை நான் வைத்ததாகச் சொல். நீ பிறந்தபோது உன்னை யாரும் எடை போடவில்லை. எல்லாக் குழந்தையும் இருப்பது மாதிரித்தான் இருந்தாய். அம்மா ரத்தம் போய்ச் செத்தாள். அவள் உடம்பில் ரத்தமே இல்லை, அதில் போனது போக என்ன மிஞ்சும்? பொழுதுக்கும் கூழும் ஊறுகாயும்தான். எனக்குப் போட்டுவிட்டு மிச்சத்தைக் குடிப்பாள். அதை நான் பார்த்தேன்.

இங்கேயும் இதே கதைதான். பக்கத்து ஊரில் பாஞ்சாலி என்று ஒரு பெண். அம்மாக்கண்ணுவின் மருமகள், இருபது வயது, இது ஆறாவது மாதம். நான் எது சொன்னாலும் தலையாட்டுவாள், வீட்டுக்குப் போய் அரைக் கிண்ணம் சாமைச் சோறு தின்பாள். ஏன் என்று பிடித்து உலுக்கினேன். "வயித்துல எடம் ஒண்ணுதானே மேடம்? சோறு நெறஞ்சிட்டா புள்ள எங்க போய் உக்காரும்?" என்றாள். குழந்தை சின்னதாக இருந்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடுமாம், பெரிதானால் வயிற்றைக் கிழிப்பார்களாம். ஊரே அப்படித்தான் பெற்றதாம். நான் சோற்றுக்கு ஒரு பை, பிள்ளைக்கு ஒரு பை என்று படம் போட்டுக் காட்டினேன். "மேடத்துக்கு எத்தினி புள்ள?" என்று கேட்டுவிட்டாள். கூட்டம் சிரித்துக்கொண்டே கலைந்தது.

வகுப்பில் எல்லோரையும் கேட்கும் கேள்வியை உன்னையும் கேட்கிறேன். நேற்று காலையிலிருந்து என்ன சாப்பிட்டாய்? உன் மாமியார் தட்டில் என்ன போடுகிறார்? உள்ளதை எழுது. ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு உன்னைக் கேட்காமல் இருக்க முடியாது.

ஆனந்தி


படவேடு
09.08.2024

அன்பு அக்காவுக்கு,

சுகம். நீயும் சுகமாக இரு. உன் கடிதம் நேற்று வந்தது, இன்றே எழுதுகிறேன்.

அத்தையைத் தப்பாக நினைக்காதே. ஆடி மாதம் என்பதால் கோயிலுக்கு வருகிற கூட்டமெல்லாம் நம் வீட்டில்தான் இறங்குகிறது. நேற்று கேழ்வரகுக் கூழ் ஊற்றினோம். முருங்கைக்கீரைப் பொரியல், கருவாட்டுக் குழம்பு, கொழுக்கட்டை, பாயசம் எல்லாம் நான்தான் செய்தேன். குழம்பு நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். மாமா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்தப் பாஞ்சாலியைப் பற்றி எழுதியிருந்தாயே. சிரிப்பாகத்தான் இருந்தது. அவளுக்கு எப்போது பேறுகாலம்? வயிறு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? அரைக் கிண்ணம் என்றால் ஒரு வேளைக்கா, ஒரு நாளைக்கா? மயக்கம் வருவதில்லையா அவளுக்கு? வேலையெல்லாம் செய்கிறாளா? அந்த ஊரில் வயிற்றைக் கிழித்துப் பெற்றவர்கள் யாராவது இருக்கிறார்களா? சும்மாதான் கேட்கிறேன். உன் வேலையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டாமா?

அவளுக்குப் பிறந்ததும் மறக்காமல் எழுது.

உன் ராஜி


புங்கமரத்தூர்
14.10.2024

என் கண்ணு ராஜி,

உடம்பு எப்படி இருக்கிறது? குழந்தை உதைக்கிறதா? என் மேல் கோபமாக இருப்பாய். நடுவில் நீ போட்ட இரண்டு கடிதமும் இங்கே கிடந்தன. திருப்பத்தூரில் பயிற்சி, பிறகு மழை, பிறகு எனக்குக் காய்ச்சல். இப்போது தேவலை.

நீ பெரிய கெட்டிக்காரி. உன்னைத் தின்றதைக் கேட்டால் சமைத்ததை எழுதுகிறாய். வகுப்பில் இப்படிப் பதில் சொல்கிறவர்களை நான் விடுவதில்லை. உன்னை நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

இரண்டு கடிதத்திலும் பாஞ்சாலியையே கேட்டிருக்கிறாய். சொல்கிறேன், கேள். சனிக்கிழமை விடியற்காலையில் அவளுக்கு வலி கண்டது. நான் ஜீப்புக்கு ஆள் அனுப்பினேன். ஜீப் ஓட்டுகிற மணிவேல் வண்டியை எடுத்துக்கொண்டு சேற்றில் உருண்டு புரண்டு வந்து சேர்ந்தால், அவள் பெற்றுப்போட்டுவிட்டு சுவரில் சாய்ந்து சுடுதண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாள்! பெண் குழந்தை. நாலைந்து வலிதானாம், கத்தக்கூட இல்லையாம். என்னைப் பார்த்து, "இன்னா மேடம், ஜீப்புல நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது எனக்கு. அம்மாக்கண்ணு கிழவியோ ஊரெல்லாம் கேட்கிற மாதிரி, "முட்டை மேடம் பேச்சக் கேட்டிருந்தா இந்நேரம் கிழிச்சிருப்பாங்க" என்று பாடிக்கொண்டிருக்கிறாள். மானம் போயிற்று. வகுப்புக்கு இனி யார் வருவார்கள்?

குழந்தையைத் தராசில் போட்டேன். ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கோழிக்குஞ்சு மாதிரி இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் மாட்டேன் என்கிறார்கள். நான் விடுவதாக இல்லை. மறுபடி போகிறேன்.

நீ சாப்பிடு. மாத்திரை போடு.

ஆனந்தி


படவேடு
24.10.2024

என் அன்பு அக்கா,

காய்ச்சல் முழுக்க விட்டதா? கஷாயம் வைத்துக் குடி. நான் மிகவும் நன்றாக இருக்கிறேன்.

உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. இத்தனை நாள் உன்னிடம் சொல்லவில்லை. ஆறாவது மாதத்திலிருந்து, படுத்தால் அம்மா ஞாபகம்தான். என் வயிறு பெரிதாகிக்கொண்டே போவதைப் பார்த்தால் எழுந்து உட்கார்ந்து விடிய விடிய விழித்திருப்பேன். இப்போது பாஞ்சாலியை நினைத்துக்கொள்கிறேன். சுவரில் சாய்ந்து சுடுதண்ணீர் குடித்தாள் என்று எழுதியிருந்தாயே, அதை நினைத்தால் தூக்கம் வருகிறது. அவரிடமும் படித்துக் காட்டினேன். அவரும் சிரித்தார்.

கோயில் கடையில் அந்தக் குழந்தைக்கு ஒரு சின்னக் குல்லா வாங்கினேன். இதோடு தபாலில் வருகிறது. நான் யார் என்று பாஞ்சாலிக்குத் தெரியாது, ஆனாலும் என் பேரைச் சொல்லிக் கொடு. குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று எழுது.

வளைகாப்பு ஒன்பதாம் மாதம் வைத்திருக்கிறார்கள். தாய்வீட்டு ஆளாக நீ ஒருத்திதான். எப்படியாவது வந்துவிடு.

உன் ராஜி


புங்கமரத்தூர்
02.11.2024

தம்பி பூபாலனுக்கு,

ஆனந்தி எழுதுகிறேன். வீட்டில் பெரியவர்கள் நலமா? தீபாவளி நல்லபடியாகக் கழிந்ததா? இந்தக் கடிதத்தைக் கடை விலாசத்துக்குப் போடுகிறேன். ராஜியிடம் காட்ட வேண்டாம்.

அவள் அனுப்பிய குல்லா நேற்று வந்தது. கொடுப்பதற்குக் குழந்தை இல்லை. பாஞ்சாலியின் குழந்தை பத்து நாள்தான் இருந்தது.

நாலாம் நாள் நான் போய்ப் பார்த்தபோது தூங்கிக்கொண்டே இருந்தது. அழவில்லை. மார்பில் வைத்தால் இரண்டு வாய் உறிஞ்சிவிட்டு மறுபடி தூங்கியது. வீடே அதை, "எவ்ளோ சமத்து பாரு, வாயே தொறக்கல" என்று கொஞ்சிக்கொண்டிருந்தது. அது சமத்து இல்லை தம்பி, பால் இழுக்கத் தெம்பில்லை. நான் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரி என்று கத்தினேன். "சொகமா பொறந்த புள்ளைக்கு இன்னாத்துக்கு ஊசி?" என்றார்கள். அதற்குள் மழையில் பாதை அறுத்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி நான் போய்ச் சேர்ந்தபோது குழி மூடியாகிவிட்டது. பாஞ்சாலி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ராஜி அந்தக் குழந்தையைப் பற்றி ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாள். மாசமாக இருக்கிறவள் காதில் சாவுச் சேதி விழக்கூடாது. எட்டாம் மாதம், பயந்த சுபாவம், அம்மா கதை வேறு அவள் மனதில் இருக்கிறது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள். எனக்குச் சத்தியம் செய்ததாக இருக்கட்டும்.

அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று மட்டும் பார்த்து எழுதுங்கள்.

ஆனந்தி


படவேடு
12.11.2024

மரியாதைக்குரிய அக்காவுக்கு,

பூபாலன் வணக்கம். இங்கு யாவரும் நலம். தங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளவும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை, தப்பு இருந்தால் மன்னிக்கவும்.

தாங்கள் சொன்னபடி யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. படித்ததில் இருந்து எனக்கே மனசு சரியில்லை. கரும்பு வெட்டு நடக்கிறது, அதில் பொழுது போகிறது.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அம்மா நிறையத்தான் போட்டுக் கொடுக்கிறார்கள். வீட்டுக்குள் அடுப்புப் புகை குமட்டுகிறது என்று ராஜேஸ்வரி தட்டை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். திரும்பி வரும்போது தட்டு காலியாகத்தான் இருக்கிறது. நர்ஸ் ரத்தம் இன்னும் குறைந்துவிட்டது என்று சத்தம் போட்டார்கள். ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை. முகம் வெளுத்துத் தெரிகிறது. கேட்டால் சிரிக்கிறாள்.

தாங்கள் வளைகாப்புக்கு அவசியம் வரவும்.

பூபாலன்


புங்கமரத்தூர்
09.12.2024

என் ராஜிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். புயல் மழை பாதையை அங்கங்கே தின்றிருந்தது, பாதி தூரம் நடைதான். கால் வலி தவிர வேறொன்றும் இல்லை. உன் கையில் வளையல் இருக்கிறதா, உடைத்துவிட்டாயா?

எல்லோரும் இருந்ததால் அங்கே உன்னை முழுதாகத் திட்ட முடியவில்லை. இப்போது திட்டுகிறேன். ஐந்து வகைச் சாதம் கிளறிக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு வாய் வாங்கிக்கொண்டு, மீதியைக் கொட்டகைப் பக்கம் கொண்டுபோய் மாட்டுத் தொட்டியில் போட்டாய். நான் பின்னாலேயே வந்தேன். உன் மாமியார்தான் உன்னைப் பட்டினி போடுகிறார் என்று இத்தனை மாதம் அந்த மனுஷியை மனசுக்குள் வைது தீர்த்தேனே, நீயே உன்னைப் பட்டினி போடுகிறாய்! மாத்திரையும் தொட்டிக்குள்தான் போகிறதா? படவேட்டிலேயே நல்ல ரத்தம் உள்ள மாடு உங்கள் மாடுதான்.

"பாஞ்சாலி மாதிரி பெத்துக்கிறேன்க்கா. அவளுக்கு ஒண்ணும் ஆவலையே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். "அவ புள்ள எப்டிக்கீது?" என்று கேட்டாய். நான் "அதுக்கின்னா" என்றேன்.

ராஜி, பாஞ்சாலியை விடு. அவளைப் பார்த்துச் செய்யாதே. சோறு போகும் பை வேறு, குழந்தை இருக்கும் பை வேறு. நீ தின்பதில்தான் அதற்கு எலும்பும் சதையும் ரத்தமும். படம் போட்டுக் காட்டினேன், தலையாட்டினாய். இங்கே எல்லோரும் அப்படித்தான் தலையாட்டுகிறார்கள். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இப்போது தின்றாலும் சேரும். உன் காலில் விழுகிறேன், தின்னு.

உன்னை என்னோடு அழைத்துப்போக எனக்கென்று ஒரு வீடு இருந்தால் விட்டுவிட்டு வந்திருக்க மாட்டேன். சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து வா, பிறகு சொல்கிறேன்.

அக்கா


படவேடு
08.01.2025

என் அன்பு அக்கா,

சுகமா? நாங்கள் மூன்று பேரும் சுகம்! ஆமாம், மூன்று பேர். நீ பெரியம்மா ஆகிவிட்டாய்.

டிசம்பர் முப்பதாம் தேதி ஆண் குழந்தை பிறந்தான். அவர் உன் டிரஸ்டு நம்பருக்குப் பலமுறை போன் போட்டாராம், கிடைக்கவில்லை. நான் சொன்னேனா இல்லையா? ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒரு மணி நேரத்தில் பிறந்துவிட்டான். கிழிக்கவில்லை, தையல்கூட இல்லை. ரத்தம் மட்டும் ஒரு பாட்டில் ஏற்றினார்கள். பிரசவ வார்டில் எல்லோரும் என்னைத்தான் பொறாமையாகப் பார்த்தார்கள். எனக்கு அம்மா ஞாபகம் வந்து அழுகை வந்தது. பயந்ததெல்லாம் போய்விட்டது அக்கா. நான் சாகவில்லை.

ஒன்றே முக்கால் கிலோ. எடை போதாது, கண்ணாடிப் பெட்டியில் வைத்து இன்னும் இரண்டு மூன்று வாரமாவது பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார்கள். ஐந்து நாள் இருந்தோம். பிறகு நாங்களே கையெழுத்துப் போட்டு அழைத்து வந்துவிட்டோம். பாஞ்சாலி குழந்தை இதைவிடச் சின்னது, பெட்டியும் இல்லாமல் அந்தக் குளிரில் வளர்கிறதே என்று நான்தான் சொன்னேன். அத்தைக்கும் அது சரியாகப் பட்டது. இவர் மட்டும் "வேணாம், வேணாம்" என்று வாசலில் நின்றார். ஏன் என்று கேட்டால் வாயைத் திறக்கிறார், மூடுகிறார். அத்தை போட்ட சத்தத்தில் பிறகு கையெழுத்துப் போட்டார்.

குழந்தை ரொம்பச் சமத்து. அழுவதே இல்லை. எப்போதும் தூக்கம்தான். பால் மட்டும் சரியாகக் குடிக்க மாட்டேன் என்கிறான், இரண்டு வாய் குடித்ததும் கண்ணை மூடிக்கொள்கிறான். கை கால் கொஞ்சம் சில்லென்று இருக்கிறது, மார்கழி அல்லவா. பாஞ்சாலி குழந்தையும் முதலில் இப்படித்தான் இருந்ததா? எத்தனை நாளில் நன்றாகக் குடிக்க ஆரம்பித்தது? அவளைக் கேட்டு உடனே எழுது.

பொங்கலுக்கு வா. உன் கையில் கொடுக்கக் காத்திருக்கிறேன்.

உன் ராஜி


புங்கமரத்தூர்
02.02.2025

ராஜிம்மா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். பால் கட்டிக்கொண்டது வலிக்கிறது என்றாயே, குறைந்ததா?

உன் கடிதம் பொங்கல் லீவெல்லாம் கழிந்து பதினெட்டாம் தேதிதான் என் கைக்கு வந்தது. படித்த இடத்திலேயே பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். மணிவேல் என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு ஆள் ஏற்றாமல் இறக்கி விட்டான். படவேட்டில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே தேங்காய்க் கடை பூட்டியிருந்தது. போகி அன்றைக்கே குழந்தை போய்விட்டான் என்று பக்கத்துக் கடைக்காரர்தான் சொன்னார். நான் அவனை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை.

உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் நீ என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டாய். "பாஞ்சாலி புள்ள பொழச்சிதே, எம்புள்ள ஏங்க்கா பொழைக்கல?" நான் உன் தலையைத் தடவிக்கொண்டிருந்தேன். பச்சை உடம்புக்காரி, எதைச் சொல்வது? உனக்கு உடம்பு தேறட்டும்.

வகுப்பு மறுபடி ஆரம்பித்துவிட்டது. நேற்று நாலு பேர் வந்தார்கள். அதில் இரண்டு பேர் மாசமாக இருக்கிறவர்கள். படத்தை விரித்தேன், மறுபடி சுருட்டி வைத்துவிட்டேன். முட்டையை மட்டும் கொடுத்து அனுப்பிவிட்டேன். பாஞ்சாலி வருவதில்லை.

உனக்காகச் சாப்பிடு ராஜி. இதை எத்தனை முறைதான் எழுதுவேன்.

அக்கா


படவேடு
26.02.2025

அக்கா,

எனக்கு உடம்பு தேறிவிட்டது. அதற்காகத்தான் காத்திருந்தாய், இல்லையா?

நேற்று அவரிடம் ஒன்று கேட்டேன். என்னை ஒரு தரம் மலைக்கு அழைத்துப் போங்கள், பாஞ்சாலியின் குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன், அதற்கு இப்போது நாலு மாதம் முடிந்திருக்கும், முகம் பார்த்துச் சிரிக்கும் என்று சொன்னேன். அவர் கரும்புக் கட்டைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார். "உங்க அக்காதான் சொல்லாதன்னாங்க. சத்தியம் மாதிரின்னாங்க" என்றார். ஆஸ்பத்திரி வாசலில் அவர் வாயைத் திறந்து திறந்து மூடியது எதற்கென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் அவரைத் திட்டவில்லை. உன் பேச்சைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

நான் அரை வயிறு தின்றது பாஞ்சாலியைப் பார்த்து. குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தது பாஞ்சாலியைப் பார்த்து. அவன் பால் குடிக்காமல் தூங்கினபோது பயப்படாமல் போர்த்திவிட்டதும் அவளைப் பார்த்துத்தான். அந்தக் குழந்தை ஐப்பசியிலேயே செத்துவிட்டது. உனக்குத் தெரியும். வளைகாப்பு அன்று கொட்டகையில் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது உனக்குத் தெரியும். சோற்றுக்கு ஒரு பை, பிள்ளைக்கு ஒரு பை என்று மண்ணில் கோடு போட்டுக் காட்டினாயே தவிர, அதைச் சொல்லவில்லை.

மாசமாக இருக்கிறவளிடம் சாவைச் சொல்லக்கூடாது என்று உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? உன் பத்துப் படத்தில் அது எந்தப் படம்?

நீ சொல்லியிருந்தால் பயந்திருப்பேன். ராத்திரியெல்லாம் அழுதிருப்பேன். ஆனால் அக்கா, பயந்துகொண்டே சாப்பிட்டிருப்பேன். அவனைப் பெட்டியை விட்டு எடுத்திருக்க மாட்டேன்.

அந்த நாலு பேரில் இரண்டு பேர் மாசமாக இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அவர்களிடம் என் குழந்தையைப் பற்றிச் சொல். பேர் வைக்கவில்லை, படவேட்டில் ஒரு குழந்தை என்று சொன்னால் போதும். பாஞ்சாலியிடமும் போய்ச் சொல்.

எனக்கு நீ எழுத வேண்டாம். நான் நலமா என்று கேட்டும் எழுத வேண்டாம்.

ராஜேஸ்வரி